கீழ்வீட்டு மாப்பிள்ளை

மூங்கிலுக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் நனைந்து, பந்தலில் நின்று, மறுபடி நனைந்து, கடைசியில் ஒரு வீட்டு நடையில் சாத்திவைக்கப்பட்ட மூங்கிலுக்கு. பவானிபூரில் எங்கள் வீட்டில் தொண்ணூறுகள் முழுக்க அந்த வாசனைதான். தெருக்கதவைத் திறந்தால் நடை. நடை நெடுக மூங்கில். நடை முடிந்தால் மாடிப்படி. படிக்குப் படி மடக்கு நாற்காலிகள், சுவரோடு சுவராக, ஓர் ஆள் ஒருக்களித்து ஏறுகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு. நான் ஒருக்களித்தே கல்லூரிக்குப் போனேன். ஒருக்களித்தே வேலைக்குப் போனேன். இன்றைக்கும் அகலமான படிகளில் என் தோள் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறது.

வீடு எங்களுடையது. மூங்கில் கீழ்வீட்டுக் குடித்தனக்காரருடையது. அவர் பந்தல்காரர், கல்கத்தாவில் டெகரேட்டர் என்பார்கள். துர்கா பூஜையா, கல்யாணமா, கட்சிக் கூட்டமா, சாவா, எதுவானாலும் அந்த வட்டாரத்தில் பந்தலும் நாற்காலியும் அவர் கொண்டுபோய் இறக்குவார். அப்பா அவருக்குக் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டபோது அவரிடம் ஒரு சைக்கிளும் ஒரு புதுப் பெண்டாட்டியும்தான் இருந்தார்கள். பிறகு தொழில் வளர்ந்தது. முதலில் முற்றத்தில் மூங்கில், பிறகு நடையில், பிறகு படியில். எந்த நாளில் எந்த மூங்கில் எல்லையைத் தாண்டியது என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியாது. வெள்ளம் அப்படித்தான் வரும் போலிருக்கிறது. கால் நனைந்த பிறகுதான் தெரியும்.

அம்மாவின் முழங்கால்கள் முதலில் மழைக்காலத்தில் மட்டும் வலித்தன. அப்புறம் காலம் பார்க்காமல் வலித்தன. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இனிமேல் படி கூடாது. கீழே குடியிருங்கள். சொந்த வீடுதானே?" என்றார். சொந்த வீடுதானே. அந்தக் கேள்வியை அப்பா வழியெல்லாம் வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலமே கீழே போய்க் கேட்டார். நான் படியில், நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

"பௌதிக்கு முழங்காலா! முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று பதறினார் குடித்தனக்காரர். பௌதி என்றால் மன்னி. அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார். "நீங்க கேட்டு நான் மாட்டேன்னு சொல்வேனா, தாதா? நீங்க எனக்கு அண்ணன் இல்லையா? இந்தப் பூஜை சீசன் ஒண்ணு முடியட்டும். இப்ப இவ்வளவு மூங்கிலை நான் எங்கே கொண்டுபோவேன், சொல்லுங்க?"

அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். துர்கா பூஜை முடிந்து காளி பூஜை. காளி பூஜை முடிந்து கல்யாண சீசன். அதற்குள் சரஸ்வதி பூஜை. அப்புறம் தேர்தல். வங்காளத்தில் பந்தலுக்கு ஓய்வான மாதம் என்று ஒன்று இல்லை என்பதை, அங்கேயே பிறந்து, துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்ட அப்பா அப்போதுதான் கண்டுபிடித்தார்.

அம்மா மாடியிலேயே இருந்தாள். பால்கனியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்குவாள். காய்கறிக்காரர் வெண்டைக்காயைப் போட்டு, "தூக்குங்க மாசிமா!" என்பார். மாசிமா என்றால் சித்தி, அவள் புருஷன் மேசோமோஷாய். பை மேலே வரும். அம்மா ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, "முத்தல்! திரும்ப எடுத்துக்கோங்கோ!" என்று பையை மறுபடி இறக்குவாள். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்தக் காய்க்கூடைக்குப் பக்கத்தில் நின்று, தன் கையாலேயே ஒடித்துப் பார்த்து வாங்குவது. தெருவில் கால் வைப்பது. வேறு எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேட்டும் காலி செய்யாத ஆளைத் தெருவில் நாலு பேரை வைத்துப் பேசலாம். ஆனால் அந்தத் தெருவில் அப்பாவின் வாய் எப்போதோ அடைபட்டுப் போயிருந்தது. அடைத்தது சந்தனம்.

காளி பூஜை கழிந்த இரண்டாம் நாள் பாய்ஃபோட்டா. வங்காளத்துப் பெண்கள் உடன்பிறந்தானை உட்காரவைத்து நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, அவனுக்கு ஆயுள் கேட்பார்கள். அவன் பதிலுக்குப் புடவை கொடுப்பான். குடித்தனக்காரரின் மனைவிக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. புதுப்பெண்ணாக வந்த வருஷம், தெருவெல்லாம் சங்கு ஊதிக்கொண்டிருந்த அந்தக் காலையில், அவள் குழாயடியில் உட்கார்ந்து அழுததை அம்மா பார்த்துவிட்டாள். அப்போது அம்மா கீழே இறங்கிக்கொண்டிருந்த காலம்.

"நம்மாத்துக் கணுப்பிடி மாதிரிதான்னா இது" என்று அப்பாவிடம் சொன்னாள். "நாங்க காக்காய்க்குச் சோறு வெச்சு அண்ணா தம்பிக்கு வேண்டிக்கலையா? உங்களுக்கும் தங்கை கிடையாது. நெத்தியைக் காமிச்சா என்ன கொறைஞ்சுடப் போறது?"

அப்பா போய் நெற்றியைக் காட்டினார். அடுத்த வருஷமும். அதற்கடுத்த வருஷமும். கணுப்பிடி காக்கையோடு முடிந்துவிடும். சோற்றைக் கொத்திப் போனபின் காக்கை யாரிடமும் போய்ச் சொல்வதில்லை. பாய்ஃபோட்டா அப்படியல்ல. கதவு திறந்திருக்கும், சங்கு ஊதும், தெரு பார்க்கும். தமிழ்க் குடும்பம் ஒரு மரியாதைக்குச் செய்த காரியத்தை அந்தத் தெரு ஓர் உறவாக எழுதிக்கொண்டுவிட்டது. அவள் அப்பாவுக்குத் தங்கை. ஆகவே அவள் புருஷன் எங்கள் வீட்டு ஜாமாய், அதாவது மாப்பிள்ளை.

தெருமுனைக் கிளப்பில் போய் அப்பா முறையிட்டபோது கேரம் ஆட்டம் நிற்கவேயில்லை. அப்பாவைக் காக்கு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் கிளப்பின் செயலாளர் ஸ்ட்ரைக்கரைக் குறிபார்த்தபடியே கேட்டார்: "என்ன காக்கு, மாப்பிள்ளையை எந்த ஊர்ல வீட்டைவிட்டுத் துரத்துவாங்க? உங்க மதராஸ்ல அப்படியா வழக்கம்?"

"மாப்பிள்ளையா? அவர் குடித்தனக்காரர்."

"குடித்தனக்காரருக்கு யாராவது பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பாங்களா? போன வருஷம் அவர் கட்டிக்கிட்டு வந்து காமிச்சாரே! வீட்டோட மாப்பிள்ளைன்னா கொஞ்சம் இடைஞ்சல் இருக்கத்தான் செய்யும், காக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். கிளப்பின் பூஜைப் பந்தலும் குடித்தனக்காரர் போடுவதுதான் என்பதை அந்தச் சிரிப்பின் நடுவே யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அப்புறம் கோர்ட். வீட்டுக்காரர் தன் சொந்தத் தேவைக்கு வீட்டைக் கேட்கலாம் என்று சட்டம் இருந்தது. எங்கள் தேவை அம்மாவின் முழங்கால். வக்கீல் வீட்டுக்கு வந்தார். ஒருக்களித்து ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, அம்மாவை ஒரு நல்ல பத்திரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கேஸ் பலமான கேஸ். ஒரே ஒரு விஷயம். தீர்ப்பு வரும்வரை மாசிமா மாடியிலேயே இருக்கணும். வேறே வீட்டுக்குப் போயிட்டாங்கன்னா, தேவை தீர்ந்துபோச்சேன்னு எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்துடும்."

அம்மாவைக் கீழே கொண்டுவருவதற்காகப் போட்ட வழக்கு. வழக்கு நிற்பதற்காக அம்மா மேலேயே இருக்க வேண்டும். நான் இதை அப்பாவிடம் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர், "சட்டம் அப்படி இருக்கேடி, நான் என்ன பண்றது?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

தேதி வரும். தேதி போகும். நீதிபதி மாற்றலாகிப் போவார். புதியவர் முதலிலிருந்து படிப்பார். இதற்கு நடுவே பாய்ஃபோட்டா மட்டும் ஒத்திவைக்கப்படாமல் வந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்த முதல் வருஷம் அப்பா கீழே போகவில்லை. அன்று மத்தியானம் அவளே தட்டை எடுத்துக்கொண்டு, தன் புருஷனின் நாற்காலிகளுக்கு நடுவே ஒருக்களித்து ஏறி வந்துவிட்டாள்.

"கேஸ் உங்களுக்கும் அவருக்கும்தானே, தாதா? உங்க ஆயுசு எனக்கும் உங்களுக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா உள்ளே போய்ப் புடவை எடுத்துவந்தாள். "இதுக்கு மேலே அவளை நிக்க வெக்காதேங்கோ" என்றாள்.

அதற்கடுத்த மாதம் குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர், மென்மையான குரல். நான் பின் பெஞ்சில் இருந்தேன்.

"பிரதிவாதியோட மனைவி உங்களுக்கு என்ன உறவு?"

"உறவு எதுவும் இல்லை."

"போன மாசம் அவங்க கையால நெத்தியில சந்தனம் வச்சுக்கிட்டீங்களா?"

"ஆமாம்."

"புடவை கொடுத்தீங்களா?"

"ஆமாம்."

"உறவே இல்லாத அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு எதுக்காகப் புடவை கொடுத்தீங்க?"

கோர்ட் சிரித்தது. நீதிபதியும் காகிதத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அப்பா கூண்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். மெதுவாக, "தங்கை மாதிரி" என்றார்.

"அவ்வளவுதான், மை லார்ட்."

திரும்பும்போது குடித்தனக்காரர் டாக்ஸி பிடித்துவைத்திருந்தார். "வெயில்ல பஸ்ல போகாதீங்க, தாதா. வாங்க, ஒரே வீட்டுக்குத்தானே போறோம்." போனோம். மூன்று பேரும், ஒரே டாக்ஸியில், ஜன்னல் வழியாகத் தனித்தனிப் பக்கம் பார்த்துக்கொண்டு. இப்படிப்பட்ட மனிதரை வெறுக்கவாவது முடிந்திருந்தால் கொஞ்சம் இளைப்பாறியிருப்போம்.

நூற்றாண்டு மாறியது. என் அலுவலகம் நியூ டவுனுக்குப் போனது. அங்கே வயல் காயும் முன்னே கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த நாட்கள். போக்குவரத்துத் தொல்லை தாங்காமல் நான் அங்கே ஒரு ஃப்ளாட்டை வாடகைக்கு எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பவானிபூருக்கு வந்து, ஃப்ளாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு."

"கரண்ட் போனா?"

"ஜெனரேட்டர் இருக்கும்மா."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "நான் இவளோட போறேன்."

"கேஸ்?" என்றார் அப்பா.

"கேஸை நீங்க பார்த்துக்கோங்கோ. நான் கேஸுக்குப் பொறக்கலை. எனக்குத் தெருவிலே நடக்கணும்."

அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "நானும் வந்துட்டேன்னா மேல்வீட்டுலயும் மூங்கில் வந்துடும்" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோல் சொன்னார். அம்மா மட்டும் போவது என்று அப்படியே முடிவானது. யாரும் முடிவு செய்யாமலே.

இறக்குவது எப்படி? படியில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை. செய்தி கீழே எப்படியோ போய்விட்டது. காலையில் எட்டிப் பார்த்தால் குடித்தனக்காரரின் ஆட்கள் நாற்காலிகளைக் கைமாற்றி முற்றத்துக்குக் கடத்திக்கொண்டிருந்தார்கள். நடை காலி. படி காலி. எனக்கு அந்தப் படியின் சிவப்பு சிமென்ட் நிறமே மறந்துபோயிருந்தது. இவ்வளவு சீக்கிரம் காலி செய்யக்கூடியதா இது? அப்பாவும் அதைத்தான் நினைத்திருப்பார். படித்தலைப்பில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார்.

இருப்பதிலேயே உறுதியான நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, இரண்டு மூங்கிலைக் கீழே கொடுத்துக் கட்டினார்கள். சாமி சிலைகளைத் தூக்கித் தூக்கிப் பழகிய தோள்கள். அம்மாவின் புடவை நுனிகூடச் சுவரில் உரசவில்லை. குடித்தனக்காரர் முன்னால் பின்பக்கமாகவே இறங்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா, பௌதி நம்ம வீட்டு அம்மன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது நடிப்பு என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

தெருவாசலைத் தாண்டியதும் தூக்கியவர்களில் ஒருவருக்குக் குறும்பு வந்துவிட்டது. விசர்ஜன ஊர்வலத்தில் துர்கையை ஆற்றுக்குக் கொண்டுபோகும்போது கத்துவதைக் கத்தினார்: "ஆஷ்சே பொச்சோர்!"

மற்றவர்களால் சும்மா இருக்க முடியுமா? "ஆபார் ஹோபே!" என்று முழங்கினார்கள். வருகிற வருஷம் மறுபடி.

தெரு சிரித்தது. கிளப் வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். காய்கறிக்காரர் கூடையை விட்டுவிட்டுக் கும்பிட்டார். அம்மாவும் சிரித்தாள், குபீரென்று, வாயைப் பொத்திக்கொள்ளாமல். அப்பா மேலே பால்கனியில் நின்றார். கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நியூ டவுனில் லிஃப்ட் சரியாக வேலை செய்தது. முதல் சாயங்காலம் அம்மாவும் நானும் கீழே இறங்கி வெளிக்கதவு வரை நடந்தோம். அகலமான சாலை, காற்று, தூரத்தில் ஒரு பஸ். கடை இல்லை, கூடை இல்லை, கூப்பிட ஆள் இல்லை. அம்மா செருப்பைக் கழற்றி, வெறுங்காலைத் தார்ச்சாலையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "சூடா இருக்கு" என்றாள். அப்புறம் தினமும் அந்த நேரத்துக்கு வந்து நின்றாள்.

எதிர்த்தரப்பு மனுப்போட அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. தேவை தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள், எழுதியது உண்மை. படிகளில் நாற்காலிகள் திரும்பி வந்திருந்தன. வக்கீலைப் பார்க்க அப்பாவோடு நானும் போனேன். இந்த வழக்கை வாபஸ் வாங்கிவிடுவதுதான் நல்லது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, புதிதாக ஏதோ தோன்றியவர்போல் அப்பாவின் கால்களைப் பார்த்தார்.

"மேசோமோஷாய், புதுசா ஒண்ணு போடலாம். உங்க முழங்கால் எப்படி இருக்கு?"

அப்பா வேட்டிமேல் கையை வைத்து, முதலில் வலதை, பிறகு இடதை, மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"நன்னாத்தான் இருக்கு" என்றார். மன்னிப்புக் கேட்பது போலிருந்தது.