ஏரிக்கரையில் அக்கா சொன்ன கவிதை

மாற்றத்தைப் பற்றி யாராவது மைக் பிடித்துப் பேசினால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

கோவில்பதாகையில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஓர் ஏரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதன் கரையில் ஏழெட்டுப் பேர் கூடிக் கவிதை சொல்வோம். மேடை கிடையாது. மீன் வறுவல் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு மைக், அவ்வளவுதான். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று கேட்பார்கள். மீன் பொரிந்ததும் போய்விடுவார்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. காகிதம் பார்த்துப் படிக்கக் கூடாது. தொடங்கும் முன் எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்லிவிட வேண்டும். சொல்வது சொந்த வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டும். நிலா, வானவில் என்று அளந்துவிடுகிற ஆட்களை விரட்டுவதற்காக வைத்த விதி. நல்ல விதி என்றுதான் நினைத்தோம்.

மீன் வாங்க வந்த அக்கா ஒருவர் அப்படியே எங்களோடு சேர்ந்தார். மண்ணூர்பேட்டையில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைக்கிறவர். ஏரியின் மறுகரையில், உபரி நீர் ஓடும் கால்வாயை ஒட்டி அவர் வீடு. பிறந்ததே அங்கேதான். "எனக்கு எயுத வராது தம்பி. சொன்னா ஒத்துப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு மைக்கை வாங்கினார்.

"கால்வாய் ஓரம் மூணாவது ஊடு" என்று வழக்கப்படி ஆரம்பித்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"தண்ணி கீற எடத்துல ரப்பிஷ் கொட்னாரு எங்கப்பன்
கூடை கூடையா சொமந்து கொட்னாரு
ஏரி ஒரு அடி நவுந்துச்சு, நாங்க ஒரு அடி வந்தோம்
அதும்மேல அடுப்பு வெச்சாங்க எங்கம்மா
இப்ப எதுத்தாப்ல மாடி மேல மாடி எயும்புது
ஏரி எங்க போவும், பாவம்"

மீன்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். எங்கள் குடியிருப்புக்காரர் ஒருவர் முழுவதையும் போனில் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மறுநாள் லிஃப்டில், "அந்த அம்மா சூப்பர் சார், என்னா ஒரு உண்மை" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கவிதை ஜனங்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

அந்த வருஷம் பெய்த பெருமழைக்கு எங்கள் கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த கையோடு குடியிருப்புச் சங்கம் புகார் எழுதியது: கால்வாயை அடைத்து வீடு கட்டியிருக்கிறார்கள், அகற்ற வேண்டும். எங்கள் குடியிருப்பும் அதே ஏரிக்குள்தான் நிற்கிறது. ஆனால் எங்களுக்குப் பத்திரம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "உங்க காரும்தானே சார் முழுகுச்சு?" என்று செயலாளர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுகரைக்காரர்களுக்கு இருந்தது ஒரே பிடி. அது எப்போதுமே மேட்டு நிலம், தண்ணீர் நின்ற இடமே இல்லை என்று மனு கொடுத்திருந்தார்கள். தாலுகா ஆபீசில் நடந்த விசாரணைக்கு அக்காவோடு நானும் போனேன். அதிகாரி மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லிவிட்டு, புகாரோடு சங்கம் கொடுத்திருந்த வீடியோவைப் போட்டார். அந்தச் சின்ன அறையில் அக்காவின் குரல் கணீரென்று கேட்டது.

"இது நீங்கதானேம்மா?"

"ஆமா சார்."

"தண்ணி இருந்த இடத்துல கொட்டி மேடாக்கினோம்னு நீங்களே சொல்றீங்க. எத்தனாவது வீடுன்னும் சொல்றீங்க."

நான் குறுக்கே விழுந்து, "சார், அது கவிதை. கற்பனையா சொல்றதுதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "கற்பனைன்னு நீங்க சொல்லுங்கம்மா. எழுதிக்கிறேன்."

அக்காவோடு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, "இல்ல சார், நெஜந்தான்" என்றார்.

வெளியே வந்து தாங்கமாட்டாமல் கேட்டேன், ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று.

"பொய்யின்னு சொன்னா, எங்கப்பன் சொமந்தது இன்னாவாறது?" என்றார்.

ஒரு காலையில் வீடுகளை இடிக்க இயந்திரம் வந்தது. ஏரிக்கரையில் கவிதைக்குக் கை தட்டிய ஒருவரும் அங்கே வந்து நிற்கவில்லை. எங்கள் பால்கனிகளில் இருந்து போன்களைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். எங்கள் கூட்டத்திலும் நாங்கள் மூன்று பேர்தான் போனோம். போய் என்ன கிழித்தோம், பாத்திரங்களை டெம்போவில் ஏற்றிக் கொடுத்தோம்.

இப்போது அக்காவுக்குப் பூந்தமல்லி தாண்டி எங்கேயோ நாலாவது மாடியில் அரசாங்கம் ஒதுக்கிய ஓர் அறை. விடியும் முன்னே கிளம்பி இரண்டு வண்டி மாறி வேலைக்கு வருகிறார். பழைய பக்கத்து வீட்டுக்காரர்களையும் அதே கட்டடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் அக்காவோடு பேசுவதில்லை.

போன மாதம் நண்பர்கள் திருவேற்காடு ஷேர் வேன் நிறுத்தத்தில் கவிதை சொல்லலாம் என்றார்கள். தலைப்பு மறுபடியும் மாற்றம்தானாம். அக்காவைக் கூப்பிடு, அவர் வந்தால் கூட்டம் நிற்கும் என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அவர் குரலைக் கேட்கிற ஆசையில் போன் செய்தேன்.

"வோணாந் தம்பி" என்றார் அக்கா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "ஒருதபா வாயத் தொறந்தேன், தெருவே போச்சு. இந்த ரூமாச்சும் நிக்கட்டும்."