மீன் இல்லாத மீன்தலைக்கறிக் கடை

இலையில் சோறு விழுந்ததும் ரூபேந்திரன் கை நனைப்பதில்லை. முதலில் அப்பளத்தை எடுத்து இலையின் ஓரத்துக்குக் கொண்டுபோகிறான். பூசணிக்காய்க் கூட்டை இரண்டு விரல் அளவு இடப்பக்கம் தள்ளுகிறான். ஊறுகாய் தனியாக, தூரத்தில், தீவுபோல இருக்க வேண்டும். பிறகு தலையைப் பின்னுக்கு இழுத்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறான். குழம்பு வாளியோடு பக்கத்தில் ஒருவர் நிற்பது அவனுக்குத் தெரிவதில்லை. "இப்பதான் எல மூச்சு விடுது," என்கிறான். வாளிக்காரர் குழம்பை ஊற்றுகிறார். மூச்சு மூழ்கிப்போகிறது.

வயது இருபத்தொன்று. ஊர் சுங்கை சிப்புட். ஈப்போவில் ஒரு கல்லூரியில் வரைகலையும் வீடியோவும் படிக்கிறான். இது கடைசிக்கு முந்தைய பருவம். ஏழு சட்டைகள் வைத்திருக்கிறான், ஏழும் கறுப்பு. எல்லாம் ஒன்றுதானே என்று கேட்டால் புண்பட்டுப்போய், "இது வேற கறுப்புலா," என்பான். தெருவில் நடந்தால் கடைப் பலகைகளைப் பார்த்து, பக்கத்தில் யாரோ காறித் துப்பியதுபோல முகத்தைச் சுளிப்பான். சொந்தத்தில் ஒரு கல்யாணம். எல்லாரும் பத்திரிகையில் தேதி பார்த்தார்கள். இவன் எழுத்து வகைகளை எண்ணினான்.

"ஆறு வக எழுத்து அத்தே! ஒரே அட்டையில ஆறு!"

"கல்யாணம் ஒண்ணுதானடா? சாப்பாடு இருக்கா பாரு," என்றார் அத்தை பூங்காவனம்.

அந்தக் கல்லூரியில் ஒவ்வொரு வேலை முடிந்ததும் 'இதில் நான் என்ன கற்றேன்' என்று மாணவர்கள் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். பிள்ளைகள் மலாய் வழக்கப்படி அதை 'ரெஃப்லெக்சி' என்கிறார்கள். நூற்றுக்கு முப்பது மதிப்பெண் அதற்குத்தான். ரூபேந்திரனின் உண்மையான திறமை இங்கேதான் இருக்கிறது. முதல் பருவத்தில் டெங்கி ஒழிப்புக்குச் சுவரொட்டி செய்யச் சொன்னார்கள். இவன் கொசு இல்லாத சுவரொட்டி செய்தான். வெள்ளைத் தாள்; நடுவில் சிவப்பாக ஒரே ஒரு புள்ளி. சுகாதார நிலையத்துத் தாதி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பேனாவால் பக்கத்தில் ஒரு கொசுவை வரைந்து மாட்டினார். இவன் 'இல்லாமையின் வலிமையை உணர்ந்தேன்' என்று ரெஃப்லெக்சி எழுதினான். விரிவுரையாளர் மேடம் நோரைனி ஓரத்தில் 'முதிர்ச்சி' என்று குறித்து முப்பதுக்கு இருபத்தெட்டு போட்டார். அன்றிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் வேலையைத் தொடங்குமுன்பே ரெஃப்லெக்சி தயாராகிவிடுகிறது. கணினியில் தனிக் கோப்பு வைத்திருக்கிறான். 'நேர நிர்வாகம் கற்றேன்.' 'குழுவாக இயங்கக் கற்றேன்.' 'என் எல்லைகளை நானே உடைத்தேன்.' தேவைக்கேற்ப எடுத்து ஒட்டிக்கொள்வான். இந்த நான்கு பருவங்களில் அவன் பொறுமையை மட்டும் ஐந்து முறை கற்றிருக்கிறான். சாலைச் சமிக்ஞை விளக்கு சிவப்பானால் இன்னும் ஹாரன் அடிக்கிறான்.

இந்தப் பருவத்து வேலை கொஞ்சம் பெரியது. நிஜமான ஒரு கடையைப் பிடிக்க வேண்டும். அதற்குப் புதிய பலகையும் இரண்டு நிமிட விளம்பர வீடியோவும் செய்து, பலகையை உண்மையிலேயே மாட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்து, 'திருப்தி' என்று கடைக்காரர் கையெழுத்துப் போட்ட பாரத்தை, அதாவது படிவத்தை, ஒப்படைக்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் தொழிற்பயிற்சிக்கு அனுப்பமாட்டார்கள். ரூபேந்திரனுக்குக் கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனம் இடம் கொடுத்திருந்தது, பாரம் கொடுத்த அடுத்த திங்கட்கிழமையே சேர வேண்டும். தவறினால் ஒரு பருவம் போய்விடும்.

கடைக்கு அலையவில்லை. பெருஞ்சாலையோரம் அத்தையின் மீன்தலைக்கறிக் கடை இருந்தது.

அந்தப் பழைய பலகையை லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். சிவப்பு நிறத்தில், மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மீன்தலை. வாய் பிளந்து, கண்ணை உருட்டி, சாலையில் போகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோலப் பார்க்கும். பக்கத்தில் கும்பிட்ட கையோடு அத்தையின் பழைய படம். மூன்று மொழியில் கடைப் பெயர், நான்கு கைபேசி எண்கள். அதில் இரண்டு இப்போது இல்லை. ரூபேந்திரன் அதைப் பார்த்தாலே தலைவலி வருகிறது என்பான்.

புதிய பலகை வெள்ளை. முழு வெள்ளை. நடுவில் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளைகோடு ஒன்று. அது வாழையிலையின் விளிம்பாம். கீழ் மூலையில், எறும்பு ஊர்ந்ததுபோலக் கடைப் பெயர். கணினித் திரையில் அதைப் பார்த்த மேடம் நோரைனி, "சுத்தமா இருக்கு," என்று முதல் மதிப்பெண் கொடுத்தார். பழைய பலகை கடைக்குப் பின்னால் எரிவாயுக் கலன்களுக்கு மறைப்பாகப் போனது.

"மீன் எங்கடா?" என்றார் அத்தை.

"அது தேவையில்ல அத்தே. பாக்குறவங்க மனசுல மீனு தானா வரும்."

"மனசுல வந்தா மனசுலயே தின்னுட்டுப் போயிருவான்டா."

வீடியோ எடுத்த நாளைக் கடையில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். பகல் பன்னிரண்டரை மணி, மேசைகள் நிறைந்திருந்தன. ரூபேந்திரன் அத்தையைச் சட்டியில் குழம்பு ஊற்றச் சொன்னான். ஊற்றினார். திரும்ப ஊற்றச் சொன்னான். ஒன்பது தடவை.

"இன்னும் ஒரே தடவ அத்தே. கொஞ்சம் சோகமா ஊத்துங்க."

"மீன் குழம்புக்கு எதுக்குடா சோகம்? அது செத்து ரெண்டு நாளாச்சு."

"கண்ண கேமராவுல காட்டாதீங்க. தூரமா பாருங்க. ஏதோ நெனப்பு வந்த மாதிரி."

"எனக்கு வர்ற ஒரே நெனப்பு, மூணாம் மேசைக்கு இன்னும் ரசம் போவல. தள்ளு."

முடிந்த வீடியோவில் முதல் நாற்பது நொடி ஓர் இலை நுனியில் தண்ணீர்த் துளி தொங்குகிறது. விழவில்லை. பிறகு அத்தையின் முதுகு. பிறகு ஆவி, நிறைய ஆவி. ஒரு நிமிடம் ஐம்பத்தோராவது நொடியில் மீன்தலை வருகிறது, மங்கலாக, கண் சிமிட்டினால் தவறிவிடும். கடைசியில் கறுப்புத் திரையில் 'கடல் மறப்பதில்லை' என்று எழுத்து. குடும்பமே கூடிப் பார்த்தது. "யாருடா செத்தது?" என்றார் ரூபேந்திரனின் அப்பா.

பலகை மாறி இரண்டாவது வாரம் பகல் கூட்டம் கரைந்தது. அறுபது எழுபது வேகத்தில் வருகிற லாரிக்காரர்கள் அந்த மீனின் கண்ணைப் பார்த்துத்தான் பிரேக் பிடிப்பார்கள். கண் இல்லை, கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது. பதினைந்து வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆ செங், மரம் ஏற்றுகிற லாரியோடு இரண்டு தடவை கடையைத் தாண்டிப்போய், அடுத்த ஊர் கோலகங்சாரிலிருந்து போன் பண்ணினார். "பூங்கா, கடைய வித்திட்டியா? சொல்லவே இல்ல!" விற்காமல் மிஞ்சிய மீன்தலை மூன்று வேளையும் அத்தை வீட்டில் வெந்தது.

கடைசியில் ஒருநாள், ஒரு பக்கக் கன்னம் பணியாரமாக வீங்கிய மலாய்க்காரர் ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. அத்தை போய் என்ன வேண்டும் என்றார். "டாக்டர் எத்தன மணிக்கு வருவாரு?" என்றார் அவர். வெள்ளைப் பலகையையும் அந்த வளைகோட்டையும் பார்த்துப் பல் மருத்துவமனை என்று நினைத்துவிட்டார். அத்தை அவருக்குச் சோற்றைக் குழைத்து, முள் எடுத்து, காரமில்லாமல் கொடுத்தார். அவர் நல்ல கன்னத்தால் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கும் வருவதாகச் சொல்லிப்போனார்.

வியாழக்கிழமை ரூபேந்திரன் பாரத்தை நீட்டியபோது அத்தை மீன் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து போடுங்க அத்தே. நாளைக்கு மத்தியானம் கடைசி."

"மீன வை. போடுறேன்."

"சின்னதா, மூலையில, கோடு மட்டும் வச்சித் தரவா?"

"கண்ணு வேணும். பழைய கண்ணு."

"அத்தே, அது ரொம்ப அசிங்கம்."

"உங்கப்பா மூஞ்சியும் அசிங்கம்தான் மருமவனே. அதப் பாத்துத்தான் உங்கம்மா வீட்டுக்கு வழி கண்டுபுடிக்கிறா."

ரூபேந்திரன் வீட்டுக்குப் போய் 'வாடிக்கையாளரின் எதிர்ப்பும் படைப்பாளியின் தனிமையும்' என்று நான்கு பக்க ரெஃப்லெக்சி எழுதினான். வெள்ளி காலையிலேயே ஈப்போ போய், கையெழுத்துக்குப் பதில் அதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று மேடத்திடம் கேட்டான். அவர் நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தார்.

"ரூபன், படிக்கப் படிக்க எனக்கே அழுக வந்துருச்சுப்பா."

"நன்றி மேடம்."

"கையெழுத்து எங்க?"

பத்து மணிக்கு அவன் கடைக்குப் பின்னால் இருந்தான். எரிவாயுக் கலன்களை நகர்த்திப் பழைய பலகையை இழுத்துப் போட்டு, மீன்தலையை மட்டும் விளிம்போடு அறுத்து எடுத்தான். கூட்டத்தில் அடிபட்ட பிள்ளையைத் தூக்குகிறவன்போல அதை மார்போடு அணைத்து ஏணியில் ஏறினான். அத்தை சாலையோரம் நின்று கை காட்டினார்.

"நடுவுல! நடுவுலடா!"

"கொஞ்சம் ஓரமா இருந்தா மூச்சு விடும் அத்தே..."

"அது மீனு. தண்ணிய விட்டு வந்த அன்னிக்கே மூச்சு நின்னுருச்சு. நடுவுல வை. கண்ணு ரோட்டப் பாக்கணும்."

வளைகோட்டின்மேல், நட்ட நடுவில், மீன் ஏறியது. நான்காவது ஆணி இறங்குவதற்குள் வடக்கேயிருந்து வந்த மர லாரி ஒன்று ஹாரன் அடித்து, தூசி பறக்க ஓரம் கட்டியது. ஆ செங் கதவைத் திறந்து, "வந்திருச்சு, வந்திருச்சு!" என்று மீனைப் பார்த்துக் கை ஆட்டினார். ஊரிலிருந்து திரும்பிய தம்பியைக் கண்ட மாதிரி.

அத்தை மஞ்சள் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். 'வாடிக்கையாளரின் கருத்து' என்று ஒரு பெரிய கட்டம் இருந்தது. அதில் ஓர் ஓரம்கூட மிச்சமில்லாமல், கட்டத்துக்கு வெளியே வழிகிற அளவில் 'மீன்' என்று எழுதினார்.

ரூபேந்திரன் பாரத்தை இரண்டு தடவை படம் எடுத்துப் பைக்குள் வைத்தான். கைபேசியிலேயே ரெஃப்லெக்சியைத் திறந்து நான்கு பக்கத்தையும் நீக்கி, கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டினான்: 'வாடிக்கையாளர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கக் கற்றேன்.' முகத்தில் நிம்மதி தெரிந்தது. பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனான். கோலாலம்பூர் நிறுவனத்துக்குத் திங்கட்கிழமை காட்ட, மாட்டிய பலகையின் படம் வேண்டும். குனிந்து, நகர்ந்து, ஒரு கண்ணை மூடி, எடுத்தான்.

"டேய், சாப்புட்டுப் போடா! தல சூடா இருக்கு!" என்றார் அத்தை அங்கிருந்து. கடைக்குள் இரண்டு மேசை நிறைந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் அத்தே."

மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு படத்தைப் பெரிதாக்கினான். கட்டைவிரலால் மீனை அழிக்கத் தொடங்கினான். முதலில் செவுள். பிறகு பிளந்த வாய். ஒவ்வொன்றாக வெள்ளையானது. கண் மட்டும் லேசில் போகவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் தேய்த்தான்.