‘விரி’ என்று கத்தியது யார்?

அந்த நீச்சல் குளத்தில் அவளுக்கு ‘விரியன்’ என்று பெயர். பாம்புக் குணமெல்லாம் கிடையாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பலகையிலிருந்து எம்பிக் குதித்துக் காற்றில் பந்தாகச் சுருண்டு சுழல்கிற பிள்ளைகளைப் பார்த்து, உடம்பை நீட்ட வேண்டிய நொடியில் கீழேயிருந்து “விரி!” என்று ஒரு கத்து கத்துவாள். இருபத்தாறு வருடமாக அதே கத்தல். பெயர் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

சுழல்கிறவர்களுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. கூரை, தண்ணீர், கூரை, தண்ணீர் என்று கண் முன்னால் ஓடும். அரை நொடி முந்தினாலும் முதுகு பிளக்கும், பிந்தினால் வயிறு. கண்ணை நம்ப வழியில்லை, காதைத்தான் நம்ப வேண்டும். ஆரம்பத்தில் அவள் வேறு சொற்களையும் முயன்று பார்த்தாள். ‘இப்ப’ என்பது தண்ணீர்ச் சத்தத்தில் கரைந்துபோனது. ‘நீட்டு’ என்றதற்கு ஒருத்தி கையை மட்டும் நீட்டிக்கொண்டு விழுந்தாள். கடைசியில் ‘விரி’தான் நிலைத்தது. புதிதாகச் சேர்கிற பிள்ளைகளை முதல் மாதம் மெத்தையில் சுருண்டு படுக்க வைத்து அதை மட்டும்தான் பழக்குவாள். சொன்ன மாத்திரத்தில் உடம்பு விறைத்து நீள வேண்டும். யோசித்தால் போச்சு.

“மூளை வரைக்கும் போகக் கூடாதுடா. காதுல விழுந்ததும் நேரா முதுகுக்குப் போகணும்” என்பாள்.

அவளும் குதித்தவள்தான். பத்தொன்பது வயதில் ஒரு நாள் தலை சாய்ந்து விழுந்ததில் இடது காதின் சவ்வு கிழிந்தது. அத்தோடு குதிப்பது நின்றது. அந்தக் காதும் கேட்பதை நிறுத்திக்கொண்டது. சில வருடம் கழித்து அதே குளத்தில் தற்காலிகப் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகும் தற்காலிகம்தான். அந்தச் சொல்லுக்கு அலுவலகத்தில் என்ன அர்த்தம் வைத்திருக்கிறார்களோ, அவர்களுக்கே வெளிச்சம். விடியற்காலை ஐந்தரைக்குக் கதவைத் திறப்பது அவள். பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது அவள். தண்ணீரைக் கண்டு அலறுகிற நாலு வயதுக் குழந்தைகளைத் தோளில் தொற்றவைத்துக்கொண்டு நாள் முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பதும் அவள்தான். காய்ச்சலோ தலைவலியோ, குளத்துக்கு வராமல் இருந்ததில்லை. வீட்டிலும் அதே தொண்டை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கணவர், “இங்க யாரும் கரணம் போடல, கொஞ்சம் மெதுவா பேசு” என்று காதைப் பொத்திக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குளத்துக்குப் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். முன்பு ஏதோ பெரிய ஓட்டலில் இருந்தவராம். வந்த வாரமே கரையோரம் சாய்வு நாற்காலிகள் வரிசை கட்டின. உறுப்பினர்கள் படுத்துக்கொண்டு பழச்சாறு குடித்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்குத் தூக்கம் கெட்டதாம். மறுநாள் சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று பலகை முளைத்தது. அவளை மேனேஜர் அறைக்கு வரச்சொல்லி ஆளும் வந்தது.

“இந்தக் கத்தல் வேண்டாம் மேடம். கையைக் காட்டுங்களேன்” என்றார் மேனேஜர்.

“தலைகீழா சுத்துறவளுக்கு என் கை எப்படி சார் தெரியும்?”

“அப்ப மெதுவா சொல்லுங்க.”

“மெதுவா சொன்னா எனக்குத்தான் கேக்கும். எனக்கும் ஒரு காதுலதான் கேக்கும்.”

மேனேஜர் சிரிக்கவில்லை. தண்ணீரில் கால் நனைத்திராத ஒரு மனிதர், பிள்ளைகளின் கழுத்தெலும்பைக் காக்கிற ஒரே சொல்லை இரைச்சல் என்கிறார். அதை நின்று கேட்க வேண்டியிருக்கிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கத்துவதை மட்டும் நிறுத்தவில்லை.

புதுப்பித்த குளத்தைத் திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வருவதாக ஏற்பாடானது. அன்றைக்கு மட்டும் மேனேஜருக்கு டைவிங் தேவைப்பட்டது. விருந்தாளிக்கு வேடிக்கை காட்ட வேண்டுமே! அவளிடம் பழகுகிற ஒரு எலக்ட்ரீஷியன் மகள், பதினாறு வயது, ‘குருவி’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இரண்டரைச் சுற்று போட அவளால்தான் முடியும். அடுத்த மாதம் மாநில அணிக்கான தேர்வுப் போட்டிக்குப் போகவேண்டியவள். விருந்தாளி வருமுன் ஒரு ஒத்திகை என்று குருவி மூன்று மீட்டர் பலகையில் ஏறினாள். விரியன் வழக்கமான இடத்தில் நின்றாள், வாசல் அவளுக்கு இடப்பக்கம். வலப்பக்கம், கையெட்டும் தூரத்தில் தண்ணீர் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

குருவி எம்பினாள், சுருண்டாள். ஒன்று. ஒன்றரை. விரியன் மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். அதற்குள் குருவியின் உடம்பு காற்றில் விறைத்து நீண்டுவிட்டது. அப்படியே மல்லாக்க வந்து தண்ணீரில் அறைந்தாள். அந்தச் சத்தத்துக்கு நாற்காலிகளில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். விரியன் ஷூவோடு குதித்து அவளை அள்ளிக்கொண்டு மேலே வந்தாள். பிள்ளை இருமியபோது இளஞ்சிவப்பாக நுரை வந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை, நுரையீரலில் அடி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும் என்றார் டாக்டர். விழாவோ குறித்த நேரத்தில் நடந்தது. கைதட்டினார்கள், படம் பிடித்துக்கொண்டார்கள்.

விசாரித்ததில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: ‘விரி’ என்ற சத்தம் கேட்டது, பிள்ளை நீட்டினாள், விழுந்தாள். கூரையில் மோதி எதிரொலித்ததில் அது யார் குரல் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தக் குளத்தில் ‘விரி’ என்று கத்துகிறவர் வேறு யார்? விரியனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாயைத் திறந்தது நினைவிருக்கிறது. சத்தம் வந்ததா? முந்திவிட்டேனா? நான்கு நாள் அவள் சாப்பிடவில்லை. சொந்தக் கையாலேயே பிள்ளையைத் தள்ளிவிட்டதைப் போல இருந்தது. கணவர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்; அவள் வாயே திறக்கவில்லை. இப்போது அவருக்கு அந்தப் பழைய தொண்டை வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், குளத்தில் தரை துடைக்கிற அம்மாளைப் பார்த்தாள். குருவியைப் பார்க்க வந்திருந்தவள், விரியனின் முகத்தைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டாள்.

“நீங்க கத்தலம்மா. எங்களத்தான் அவரு கத்தினாரு.”

“யாரு?”

“மேனேஜர்தான். தொறக்க வந்த பெரிய மனுசரோட காரு சீக்கிரமே வந்துருச்சு, கம்பளம் இன்னும் சுருட்டின மேனிக்குக் கெடந்துது. ‘விரி! விரி! சீக்கிரம் விரி’ன்னு வாசல்ல நின்னுக்கிட்டு அலறினாரு. அந்தப் பொண்ணு அப்பதான் குதிச்சுது. வெளிய சொன்னா வேலை போயிரும்னு எங்க எல்லாரையும் மெரட்டி வச்சிருக்காரு.”

 விரியனுக்கு முதலில் வந்தது நிம்மதி; வெட்கமில்லாத நிம்மதி, கண்ணீரே வந்துவிட்டது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. அமைதி காக்கச் சொன்னவர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார், அதுவும் ஒரு விரிப்புக்காக. இவள் சோறு இறங்காமல் செத்துக்கொண்டிருந்த நான்கு நாளும் வாயைத் திறக்கவில்லை. இடப்பக்க வாசலில் நின்றார். இவளுக்குக் கேட்காத பக்கம். அதுவும் அவருக்கு வசதியாகப் போயிற்று.

மறுநாள் மேனேஜர் அறையில் விபத்து அறிக்கை தயாராக இருந்தது. ‘காரணம்’ என்ற கட்டத்தில், பயிற்சியாளர் தவறான நேரத்தில் குரல் கொடுத்தது என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.

“கையெழுத்துப் போட்டுருங்க மேடம். ஒப்பந்தத்தைப் பத்தி நான் மேல பேசிக்கறேன். பெருசு பண்ண வேண்டாம்” என்றார். குரலில் அவ்வளவு பரிவு.

“அன்னிக்குக் கம்பளத்தை விரிக்கச் சொன்னது யாரு சார்?”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, “சத்தம் போடாதீங்க. வெளிய உறுப்பினர்கள் இருக்காங்க” என்றார்.

விரியனுக்குத் தொண்டை வரை வந்தது. அந்த அறையின் கண்ணாடி அதிர ஒரு கத்து கத்தியிருக்கலாம். இருபத்தாறு வருடப் பழக்கம். கத்தவில்லை. பேனாவை எடுத்து, தட்டச்சு வரியை ஒரே கோடாக அடித்தாள். மேலே கொட்டை எழுத்தில் ‘கம்பளம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கதவைத் திறந்து வெளியே நின்றவளைக் கூப்பிட்டாள். தரை துடைக்கிற அம்மாள் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சாட்சி என்ற இடத்தில் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். ஒரு எழுத்தையும் விடவில்லை.

மேனேஜர் தாளைப் பிடுங்காத குறையாக இழுத்தார். “என்ன மேடம் இது?”

“படிச்சுப் பாருங்க சார். சத்தமே போடாமத்தான் எழுதியிருக்கேன்.”