பொட்டி பேசிய பதினோரு நாள்

என் அம்மா மேற்கு தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். கடை என்று ஒன்றும் கிடையாது. நடைபாதையில் ஒரு நீல பிளாஸ்டிக் ஷீட், ஒரு அரிவாள்மணை, இரண்டு அலுமினியக் கூடை, அவ்வளவுதான். விடியற்காலையில் கோவளத்துக்குத் தெற்கே இருக்கிற எங்கள் பூர்வீகக் குப்பத்துக்குப் போய், கரையில் ஏலம் எடுத்து, மற்ற பெண்களோடு குட்டியானை வண்டியில் ஏறி, ஏழரை மணிக்குள் வந்து உட்கார்ந்துவிடுவாள். நான் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அவள் பள்ளிக்கூடம் போகாதவள், நான் இன்ஜினியரிங் படித்தவள். இதில் முட்டாள் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான்தான்.

எழுத்து தெரியாததால் க்யூஆர் அட்டை வந்த புதிதில் அம்மா ரொம்பத் திண்டாடினாள். போனைத் தூக்கிக் காட்டி "அனுப்பிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு அனுப்பாமலே போனவர்கள் உண்டு. அதனால் பணம் வந்தால் வாய்விட்டுச் சொல்லும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதைப் பொட்டி என்பாள். "நூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று பொட்டி சொன்ன பிறகுதான் மீன் பை கைமாறும். கடவுளைவிட அதை நம்பினாள் என்றுகூடச் சொல்லலாம்.

மூன்று வருடமாக என் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கிரிப்டோ காயினில் போட்டுவந்தேன். மார்க்கெட்டுக்குள்ளேயே கூரையும் தண்ணீர்க் குழாயும் இருக்கிற ஒரு கடைக்கு அட்வான்ஸ் கட்டி, அம்மாவை அங்கே உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. முதலில் நம் நாட்டிலேயே இருக்கும் ஒரு எக்ஸ்சேஞ்சில்தான் வைத்திருந்தேன். அப்புறம் லாபத்துக்கு முப்பது சதவீதம் வரி, ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சதவீதம் பிடித்தம் என்று சட்டம் வந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபீஸில் பாதிப் பேர் செய்ததைப் போல நானும் எல்லாவற்றையும் பிடித்தம் இல்லாத வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றினேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு.

ஒரு பொங்கல் நேரத்தில், இங்கே பதிவு செய்துகொள்ளாத வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளை அரசாங்கம் முடக்கியது. ஆபீஸ் பஸ்ஸில் வண்டலூர் தாண்டும்போது ஆப்பைத் திறந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கேளம்பாக்கம் வந்தும் சுற்றிக்கொண்டே இருந்தது. குறுக்கு வழியில் எப்படியோ உள்ளே நுழைந்து பார்த்தபோது காயின் பத்திரமாக இருந்தது. அதை மறுபடி இங்கே பதிவான எக்ஸ்சேஞ்சுக்கே அனுப்பியிருக்கலாம். வரியைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். பேராசை விடவில்லை. முகம் தெரியாத ஒருவருக்கு நேராக விற்பது என்று முடிவு செய்தேன். அவர் நம் வங்கிக் கணக்கில் ரூபாயைப் போடுவார், வந்ததைப் பார்த்துவிட்டு நாம் காயினை விடுவிக்க வேண்டும்.

என் சம்பளக் கணக்கில் வாங்கப் பயம். முன்பின் தெரியாத ஆளிடமிருந்து பெரிய தொகை வந்தால் வங்கியில் கேள்வி கேட்பார்கள். அப்போதுதான் அந்த அற்புதமான யோசனை வந்தது. அம்மாவின் கணக்கில் தினமும் ஊர் பேர் தெரியாத நூறு பேரிடமிருந்து பணம் விழுகிறது. அந்த நூறோடு இன்னொன்று வந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? அம்மாவின் ஏடிஎம் கார்டும் என்னிடம்தான் இருந்தது. மறுநாள் ஏலத்துக்கான பணத்தை நான்தான் தினமும் சாயங்காலம் எடுத்துக் கொடுப்பேன். ஒரு மதியம், ஆபீஸ் கேன்டீனில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே விற்று முடித்தேன். அம்மாவின் க்யூஆர் அட்டை வழியாக மூன்று வருட சேமிப்பு அவள் கணக்கில் வந்து விழுந்தது. மார்க்கெட்டில் பொட்டி அதையும் சொல்லியிருக்கிறது. லட்சத்தில் ஏதோ சொன்னதே என்று அம்மா அன்றைக்குக் கேட்டாள். கம்பெனி போனஸ் என்று பொய் சொன்னேன்.

மார்க்கெட் கடையின் சொந்தக்காரரிடம் அட்வான்ஸ் பேசி முடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. ஒரு சாயங்காலம் ஏடிஎம்மில் பணம் வரவில்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டு வங்கிக்கு ஓடினேன்.

"ஹோல்டு போட்டது நாங்க இல்ல மேடம்," என்றார் அங்கிருந்த அதிகாரி. "வேற ஸ்டேட் சைபர் கிரைம் போலீஸ். அங்க யாரோ ஒரு அம்மாவ ஏமாத்திப் புடுங்கின பணம் நாலு கை மாறி இந்த அக்கவுண்ட்டுக்கு வந்திருக்கு. இனிமே இதுல பணம் உள்ள வரும், வெளிய போகாது."

அந்த மாநிலத்து ஸ்டேஷனுக்கு போன் செய்தேன். நான்கு நாள் யாரும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்த அதிகாரி பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசினார். கணக்கின் விவரம் அவர் முன்னால் இருந்தது. தினமும் எண்பது பேர், நூறு பேர், ஆளுக்கு நூறும் இருநூறுமாக அனுப்புகிறார்கள், சாயங்காலமே மொத்தமாக எடுக்கப்படுகிறது, மோசடிக்காரர்களின் கணக்கு இப்படித்தான் இருக்கும் என்றார். அது மீன் விற்ற பணம் என்றேன். அப்படியானால் மீனுக்கு ரசீது அனுப்புங்கள், கணக்கு வைத்திருப்பவரையும் பேசச் சொல்லுங்கள் என்றார். எந்தக் கூட்டத்துக்குள் என் பணம் மறைந்துகொள்ளும் என்று நினைத்தேனோ, அந்தக் கூட்டமே அம்மாவைத் திருடியாக்கிவிட்டது. போனை வைத்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் நின்று அழுதேன்.

வங்கியில் தெரிந்த அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் அந்த க்யூஆர் அட்டையைக் கிழித்துப் போட்டு என்னுடையதை ஒட்டியிருக்கலாம். ஒட்டினால், அம்மாவின் கணக்கோடு இணைத்த பொட்டி பேசாது. பேசாவிட்டால் ஏன் என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சாயங்காலம் தாம்பரம் சானடோரியத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மார்க்கெட்டுக்குப் போய், வழக்கம்போல அவள் பக்கத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன். பொட்டி சொல்லிக்கொண்டே இருக்கும். எண்பது ரூபாய் பெறப்பட்டது. முந்நூறு ரூபாய் பெறப்பட்டது. அம்மா மீனைச் செதில் சீவி, அரிந்து, பையில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். ஏலத்துக்கு என் சம்பளத்திலிருந்து எடுத்து நீட்டினேன். வங்கியில் சர்வர் கோளாறு, சரியானதும் இதை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

பதினோராம் நாள் என் கணக்கில் எண்ணூறு ரூபாய்தான் மிச்சம் இருந்தது.

"இன்னாடி, இத்த வெச்சிகினு ஒரு கூட சங்கரா மீனுகூட எடுக்க முடியாதே," என்றாள் அம்மா. "சர்வரு இன்னும் சரியாவலியா?"

இனி சொல்ல ஒரு பொய்கூட என்னிடம் இல்லை. நடைபாதையிலேயே, ஈ மொய்க்கும் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காயின் என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை.

"அந்தப் பெரிய காசு, யாரோ ஒரு பொம்பளயோடதா?"

"ஆமாம்மா. அவங்ககிட்ட ஏமாத்தின காசுதான் கை மாறி மாறி எனக்கு வந்திருக்கு. எனக்குத் தெரியாது."

"அத்த அவகிட்டயே குட்த்துடு. நமக்கு வாணாம்." அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "தெனமும் பொட்டி சொல்லிச்சே, அந்தக் காசு?"

"அதுவும் உள்ளயேதாம்மா மாட்டிக்கிச்சு. எடுக்க முடியாது."

"உனுக்கு இது என்னிக்கி தெரியும்?"

"மொத நாளே தெரியும்."

அம்மா கழுவுவதை நிறுத்தினாள். "மொத நாளே தெரிஞ்சிகினு நீ என் பக்கத்துலயே குந்திகினு இருந்த. அது சொல்லச் சொல்ல நான் மீன அரிஞ்சி குட்த்துகினே இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா, காசா குடுன்னு கேட்டிருப்பேனே." அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

பிறகு அவளே வீடியோ காலில் அந்த அதிகாரியிடம் பேசினாள். நான் இந்தியில் மாற்றிச் சொன்னேன். மீனுக்கு ரசீது இல்லை என்று கையை விரித்தாள். ஏமாந்த அந்தப் பெண்ணின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதம் என்று ரேகை வைத்து அனுப்பினோம். அது போய் இரண்டு மாதமாகிறது. கணக்கு திறக்கவில்லை. மார்க்கெட்டுக்குள் இருந்த அந்தக் கடையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகளெல்லாம் கரையேறிவிட்டன. கிடைக்கிற கொஞ்ச மீனை எடுக்கவும் அம்மா தண்டல்காரரிடம் வட்டிக்கு வாங்குகிறாள். போனை நீட்டுகிறவர்களிடம் "காசா இருந்தா குடு" என்கிறாள். பாதிப் பேர் அடுத்த கூடைக்குப் போய்விடுகிறார்கள்.

பொட்டி இப்போது எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருக்கிறது. கடனுக்கு மீன் வாங்கிப் போன பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர், போனில் பதிந்து வைத்த அதே கணக்குக்கு இன்னமும் அனுப்பிவிடுகிறார்கள். ஒருநாள் நான் அதை அணைக்கப் போனேன்.

"அணைக்காதடி," என்றாள் அம்மா. "எம்மாம் போவுதுன்னு எனுக்குத் தெரியணும்."

சார்ஜ் தீர்ந்தால் அவளே செருகிவைக்கிறாள். நேற்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது பேசியது. இருநூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது. அம்மா பொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.