தலைப்பாகை இடிக்காத ஷாக் அப்சார்பர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, என் காரின் பின் சீட்டில் இரண்டு அரிசி மூட்டைகளை உட்காரவைத்து சீட் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். தபால் எடுக்க வெளியே வந்த பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார்... தபாலோடு உள்ளே போய்விட்டார். எங்கள் மவுண்ட் ரோஸ்கில் பேட்டைக்காரர்கள் நாகரிகமானவர்கள். கேள்வி கேட்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு பழைய அமெரிக்க கார் இருப்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு — என்னைப் போலவே எழுபதுகளில் பிறந்தது. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், தக்காளிச் சிவப்பு. ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்கக் கேட்கும். நர்ஸ் வேலை பார்க்கிற மதுரைக்காரிக்கு இது தேவையா என்று என் கணவர் பாலா கேட்டார். தேவைக்கு மட்டும்தான் வாங்க வேண்டும் என்றால் ஊரில் ஒரு நகைக்கடை இருக்குமா?

இந்தக் காரில்தான் கல்யாணத்துக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான் நிரோஷன். அடுத்த தெரு வசந்தி அக்காவின் மகன். அக்காவுக்கு யாழ்ப்பாணம், என்னோடு ஒரே வார்டில் வேலை. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பட்டுத் தலைப்பாகையோடு மண்டப வாசலில் வந்து இறங்க வேண்டும். ஆனால் அக்காவுக்கு என் கார் என்றாலே ஆகாது.

“சுமதி, கோவிக்காதையும். உம்மட கார் ஓடேக்க கடலில வள்ளம் போற மாதிரி ஆடுது” என்றார்.

பிறகு அலமாரியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு தலைப்பாகை. நிரோஷனின் அப்பா தன் கல்யாணத்தில் அணிந்தது. அவர் இப்போது இல்லை.

“இவன் இதைத்தான் வைப்பன் எண்டு நிக்கிறான். பட்டு இத்துப்போச்சு. எங்கயும் இடிபட்டா அவ்வளவுதான்.”

“ஒண்ணும் ஆகாதுக்கா, நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டேன். நம் வாய் இருக்கிறதே... அது நம்மைக் கேட்டுக்கொண்டா திறக்கிறது?

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய ஷாக் அப்சார்பர்கள் உயிரை விட்டிருந்தன. வேகத்தடைக்காகப் போட்ட ஒரு ஹம்ப் ஏறி இறங்கினால் கார் தெருமுனை வரை தலையாட்டிக்கொண்டே போகும். புதிது வாங்கக் கடைக்குப் போனேன்.

“ரேஸ் ட்ராக்குக்கா, ரோட்டுக்கா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் கடைக்காரர்.

“கல்யாணத்துக்கு” என்றேன்.

சிரித்துக்கொண்டே ரோட்டு ரகத்தைக் காட்டினார். என் கண் ட்ராக் ரகத்தின் மேல். பெட்டியிலேயே பெரிதாக ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று போட்டிருந்தது. அப்புறம் கை சும்மா இருக்குமா? பிள்ளைகளுக்காக, ஸ்கூல்களுக்குப் பேர்போன எப்சமில் எந்த ஸ்கூல், எந்த டியூஷன் என்று அலைகிறபோதும் நாம் அப்படித்தானே... எது பிழிந்தெடுக்குமோ அதுதான் உசத்தி. இருப்பதிலேயே இறுக்கமானதை வாங்கி வந்து, காரை ஜாக்கியில் ஏற்றி, நானே மாட்டினேன்.

அதன் சோதனை ஓட்டத்துக்குத்தான் அந்த அரிசி மூட்டைகள். ஒன்று மாப்பிள்ளை, இன்னொன்று மாப்பிள்ளைத் தோழன். எல்லா ஹம்ப்பிலும் ஏற்றி இறக்கினேன். மூட்டைகள் அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே நிரோஷனைக் கூப்பிட்டு, தலையில் துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றி, பின் சீட்டில் ஏற்றினேன்.

முதல் ஹம்ப். டங் என்று ஒரு சத்தம்.

“அன்ரி... ஐ காண்ட் சீ எனிதிங்” என்றது பின் சீட்.

கண்ணாடியில் பார்த்தால், கூரையில் இடித்த துண்டு மூக்கு வரை இறங்கியிருந்தது. அரிசி மூட்டைக்குத் தலை கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விஷயம் அன்று மாலையே அக்காவுக்குப் போய்விட்டது. “நான் வேற கார் பிடிக்கிறன், சுமதி. நீர் மனசில வைக்காதையும்” என்றார் போனில். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பையன் முகம் தொங்கிவிடுமே என்று அக்காவிடம் கெஞ்சி ஒரு வாரம் அவகாசம் வாங்கினேன்.

திரும்பக் கடை. இந்த முறை பெட்டியைப் பார்க்காமல், கடைக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டேன். மேட்டின் அடியை வாங்குவது ஸ்ப்ரிங். வாங்கிய ஸ்ப்ரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. லேசாக இருந்தால் கார் ஆடும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் அடி நேராக நம்மிடம் வரும். அமுங்கும்போது விட்டுக்கொடுத்து, எழும்பும்போது இழுத்துப் பிடிக்கிற ரகம் ஒன்று இருந்தது. திருகி அளவை மாற்றிக்கொள்ளலாம். அதை வாங்கினேன்.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் திருகுவேன், ஓட்டுவேன், மறுபடி திருகுவேன். பின் சீட்டில் இப்போது மூட்டை இல்லை. தலையில் துண்டோடு பாலா.

“நம்ம கல்யாணத்துலகூட நான் இவ்வளவு நேரம் தலைப்பாகையோட உக்காரலை, சுமி.”

“அன்னைக்கு உங்க தலை எனக்கு இவ்வளவு முக்கியமா படலைங்க.”

வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். பாலாவோடு தெருவைச் சுற்றிவந்த காரை வாசலில் நின்று பார்த்தார். துண்டு அசையவில்லை. “சரி. ஆனா நான் பின்னால என்ர காரில வருவன்” என்றார்.

கல்யாணத்தன்று அப்படியே வந்தார். நியூ லின் மண்டபம் வரைக்கும், என் கண்ணாடியில் நிரோஷனின் தலைப்பாகை, அதற்குப் பின்னால் அக்காவின் கார். ஒவ்வொரு ஹம்ப்பிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவரும் பிடித்திருப்பார்.

மண்டப வாசலில் நிரோஷன் குனிந்து இறங்கி நிமிர்ந்தான். அக்கா ஓடிவந்து தலைப்பாகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓர் இழைகூடப் பிரியவில்லை. பட்டை மெல்லத் தொட்டார்.

“அவரே வந்து இறங்கின மாதிரிக் கிடக்கு” என்றார்.

அழுதேன். போட்டிருந்த மை எல்லாம் போச்சு. அதற்குப் பிறகு எடுத்த போட்டோ எதிலும் என்னைத் தேடாதீர்கள்.

சாப்பாடெல்லாம் முடிந்து கிளம்பும்போது என் காரின் முன் சீட்டில் யாரோ ஏறி உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டிருந்தார்கள். வசந்தி அக்கா.

“என்ர காரை பாலா கொண்டு வரட்டும். நாங்கள் மோட்டர்வேயால போவம்” என்றார்.

போனோம். எஞ்சின் நிதானமாக உறுமியது. நான் சட்டம் அனுமதித்த வேகத்தைத் தொட்டு, அதில் நிறுத்தினேன். அக்கா கொண்டையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இவ்வளவுதானோ ஓடும்?”