நிறுத்திய கை

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் நாங்கள் இருவர் முதலுதவி வகுப்பு நடத்தினோம். நான் முஸ்லிம், ஆஸ்பத்திரியில் ஆண் தாதியாக இருந்தேன். மற்றவர் என்னைவிட மூத்தவர், மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த தமிழர், அம்புலன்ஸில் நோயாளிகளோடு போய்வந்தே தலை நரைத்தவர். சனிக்கிழமைப் பின்னேரங்களில் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவோம். பயிற்சிக்குப் பொம்மை கிடையாது. இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை நிலத்தில் போட்டு, அதை நெஞ்சாக நினைத்து அமுக்கப் பழக்கினோம்.

"தடவிக் குடுக்காத மனே, நல்லா ஊண்டி அமுக்கு" என்பார் அவர். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளில் துணிக்கடையில் வேலை செய்த ஒருவன் இருந்தான். எங்கள் முஸ்லிம் பகுதியான கல்முனைக்குடியைச் சேர்ந்தவன். எதையும் ஒருமுறை காட்டினால் போதும். "இவனை நம்பி நான் நெஞ்சுவலி வந்து விழலாம்" என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வாடைக்காற்று தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வெளியே கூக்குரல் கேட்டது. தோணி ஒன்று அலையில் கவிழ்ந்துவிட்டதாம். எல்லோரும் ஓடினோம். மூன்று பேர் தாங்களாகவே நீந்திக் கரையேறியிருந்தார்கள். நான்காவது ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர நேரமாகிவிட்டது. மணலில் கிடத்தியபோதுதான் அது துணிக்கடைப் பையனின் வாப்பா என்று தெரிந்தது.

அவன் யாரையும் கிட்ட விடவில்லை. முழங்காலில் நின்று வாயில் ஊதினான், நெஞ்சை அமுக்கினான். நாங்கள் சொல்லிக்கொடுத்ததில் ஒரு பிழை விடவில்லை. நான் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். கண்ணிமையைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. அவனோ நிறுத்தவில்லை. சுற்றி நின்ற பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள்.

மூத்தவர் அவன் பக்கத்தில் முழங்காலிட்டார்.

"களைச்சிட்டாய் மனே. கொஞ்சம் விலகு, நான் செய்யிறன்."

அவன் விலகினான். அவர் அமுக்கினார், ஊதினார், மறுபடி அமுக்கினார். பிறகு கையை எடுத்துவிட்டு, "போயிட்டார்" என்றார்.

"ஏன் சேர் விட்டீங்க? நான் செஞ்சிக்கிட்டுத்தானே இரிந்தன்!" என்று அவன் அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கினான். அவர் தலைகுனிந்து இருந்தார். மற்றவர்கள்தான் அவனைப் பிடித்து விலக்கினார்கள்.

அதன்பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை. சந்தையில் அவரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். எனக்குப் பொறுக்கவில்லை.

"கரைக்கு வரக்குள்ளேயே மௌத்தாகிட்டார் எண்டு நான் அவனுக்கு எடுத்துச் சொல்லட்டா?" என்று கேட்டேன்.

"வேணாம். என்னோட கோவிக்கட்டும். தான் நிப்பாட்டினதால வாப்பா போனார் எண்டு நினைச்சா அவன் தாங்கமாட்டான்."

சில வருடங்களில் நாட்டு நிலைமை கெட்டு, தமிழ் ஊர்களுக்கும் எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கும் நடுவே போக்குவரத்து அறுந்தபோது, அவர் குடும்பத்தோடு மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டார். வகுப்பும் நின்றது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர், அவர் இறந்து மாதக்கணக்காகிறது என்றார். என்னை யாரும் அவருடைய நல்லடக்கத்துக்கு அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் போயிருக்க முடியாது.

கொஞ்ச நாளில் அந்தத் துணிக்கடைப் பையன் தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தான். பேச்சுவாக்கில் அவரை விசாரித்தான். நான் செய்தியைச் சொன்னேன். அவர் அன்று என்னிடம் சொன்னதையும் சொன்னேன்.

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"வாப்பாட உடம்பு குளிர்ந்திட்டு எண்டு எனக்கும் தெரியும் சேர். ஆரோடயாவது கோவிக்கோணும் போல இரிந்திச்சி. அவர்ர வீட்டுக்காரியப் பார்த்து ஒரு வார்த்தை கதைக்கோணும். போகலாமா?"

அப்போது மட்டக்களப்புப் பாதையால் நாங்கள் போகக்கூடிய காலமல்ல. அது அவனுக்கும் தெரியும். நான் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.