ஐந்தாவது ஷரத்தும் எட்டு வாட் ஆம்ப்ளிஃபயரும்

வால்வுகள் சூடேறும்போது அவற்றின் மேல் படிந்த தூசி கருகும் மணம்…

கோவில்பத்து வீட்டின் முன்னறையில் அந்த மணம் எழுந்து, கண்ணாடிக்குள் செம்மஞ்சளாக ஒளி தெரிந்தால், பாட்டு வர இன்னும் அரை நிமிடம் என்று பொருள்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், வக்கீலாக எனக்கென்று சில வழக்குகள் சேர்ந்த பிறகு வாங்கிய முதல் ஆடம்பரம், வால்வுகள் எரியும் அந்த டியூப் ஆம்ப்ளிஃபயர். புதுச்சேரியில் ஒருவர் கையாலேயே செய்து கொடுத்தது. ஒவ்வொரு வால்வின் மீதும் அச்சிட்டிருந்த எண்ணை ஒரு தாளில் குறித்து, அதில் அவருடைய கையொப்பத்தையும் பெற்றுக்கொண்டேன். நாளை வால்வு மாறிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?

அதனோடு இணைக்க இரண்டு ஸ்பீக்கர்கள் வாங்கினேன். தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும்; அந்தக் கனத்தையே தரம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் நாதஸ்வர இசைத்தட்டைச் சுழலவிட்டால், பக்கத்துத் தெருக் கல்யாணத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது போலிருந்தது.

புதுச்சேரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுக்கு வந்தேன். நோட்டீஸ் கூட எழுதி வைத்துவிட்டேன்.

அனுப்புமுன் இன்னொருவரின் கருத்தையும் பெறுவது முறை என்பதால் ஹமீது பாயை அழைத்தேன். திருமலைராயன்பட்டினத்துக்காரர். துபாயில் அரங்குகளுக்கு ஒலியமைப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஏறத்தாழ என் வயது. முன்பு ஒரு எல்லைத் தகராறு வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்த அவரை ஒன்றரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். ஒரு வார்த்தை மாறவில்லை. அவ்வளவு சுத்தமாகப் பேசுகிறவரிடம் சற்று எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

வந்தார். ஸ்பீக்கரில் காதை வைத்தார். சிரித்தார்.

"ஆம்ப்ல ஒரு கோளாறும் இல்ல வக்கீல் சார். இது மொத்தமே எட்டு வாட்டு. நீங்க வாங்கியிருக்குற பொட்டி அம்பது அறுபது கேக்கும். ஒத்த மாட்டப் பூட்டி லாரிய இழுக்கச் சொல்றீங்க."

"அப்ப என்னதான் செய்யிறது?"

"எங்கிட்ட ரெண்டு பழைய பொட்டி கெடக்கு. உள்ள அதிர்றது காயிதக் கோன். துளி கரண்டு குடுத்தாலே பாடும். என் ஆம்ப் பெருசு, அதுல மாட்டுனா கத்துது. அதுக்கு ஒங்க பொட்டிதான் சரி. மாத்திக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

சற்று நிறுத்தி, "ஒண்ணே ஒண்ணு சார். வாராவாரம் வெள்ளிக்கெழம சாயங்காலம் வந்து அரை மணி நேரம் ஒக்காந்து கேட்டுட்டுப் போறேன். அந்தப் பொட்டி டியூப்ல பாடி நான் கேட்டதே இல்ல" என்றார்.

இரண்டு பேருக்கும் நல்லது… என் தொழிலில் அப்படியொரு தீர்ப்பை நான் கண்டதில்லை. ஒருவருக்கு நல்லதென்றால் மற்றவர் அப்பீலுக்குப் போவார்.

வாராவாரம் வருவது வேறு எதற்கு? நாளையே, 'இரவலாகத்தான் கொடுத்தேன், வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்' என்று சொல்வதற்கு இப்போதே இடம் தேடுகிறாரோ?

முத்திரைத்தாளில் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதினேன். ஆறு ஷரத்துகள், இரண்டு சாட்சிகள். ஐந்தாவது ஷரத்தை மட்டும் மூன்று முறை திருத்தினேன்: 'கைமாறிய பின் மேற்படி ஸ்பீக்கர்களைப் பார்க்கவோ, கேட்கவோ, அவை உள்ள இடத்துக்கு வரவோ, கொடுத்தவருக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் கிடையாது.'

"அடேயப்பா… பிரெஞ்சுக்காரன் காலத்துல பத்திரம் எழுதுன நொத்தேர்கூட இப்புடி எழுதியிருக்க மாட்டாரு" என்று சிரித்தபடி படித்துக்கொண்டே வந்தவர், ஐந்தாவதில் நின்றார். மறுபடியும் படித்தார்.

"சரி சார். பேனாவக் குடுங்க."

அன்று மாலை அந்தப் பழைய பெட்டிகள் பாடியபோது அறையே நிறைந்துவிட்டது. அப்போதும் டார்ச் அடித்துப் பெட்டிகளின் பின்புறத்தைச் சோதித்தேன். இவ்வளவு நல்ல பொருளை ஒருவர் ஏன் விட்டுக்கொடுத்தார்?

வெள்ளிக்கிழமை வந்தது. அவர் வந்தால் என்ன பதில் சொல்வது என்று தயாராக இருந்தேன். அவர் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஆண்டுகள் பல கழிந்து, சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் ஹமீது பாய்.

"ஏன் பாய், ஒரு தடவகூட நீங்க வரலியே?"

"அஞ்சாவது ஷரத்து சார்."

"அது… சும்மா ஒரு பாதுகாப்புக்கு எழுதுறதுதானே."

"நான் சும்மா கையெழுத்துப் போடலியே."

ரசம் வந்தது. இருவரும் சோற்றில் குழி செய்து வாங்கிக்கொண்டோம்.

"இந்த வெள்ளிக்கெழம வாங்க பாய்."

"ரத்துப் பத்திரம் போடணுமா, வாயால சொன்னா போதுமா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கணம் யோசித்தேன். பிறகே, "போதும்" என்றேன்.

வந்தார். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் உட்கார்ந்து கேட்டார். பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கேட்பாரோ என்று என் மனம் அப்போதும் ஒரு கணக்குப் போட்டது.

எழுந்தார். என்னிடம் கேட்காமலேயே இரண்டு பெட்டிகளையும் சுவரிலிருந்து முன்னே இழுத்து, லேசாக உட்புறம் திருப்பினார். ஆட்சேபிக்கத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். தட்டை மறுபடியும் வைத்தார்.

இரண்டு மூலைகளில் ஒட்டிக்கொண்டிருந்த நாதஸ்வரம் நடு அறைக்கு வந்து நின்றது. தவில் ஓரடி பின்னால். வாசிப்பவர் மூச்சிழுப்பது கேட்டது… அந்தத் தட்டில் அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

"இவ்ளோ நாளா செவத்துல ஒட்டியா வச்சிருந்தீங்க?"

"ஆமா பாய்."

இப்போதெல்லாம் ஒரு ஹெட்போன் வாங்குவதென்றாலும், ஊர் பேர் தெரியாத நூறு பேர் இணையத்தில் எழுதிய கருத்துகளைப் படித்து, அவர்களில் யார் பொய் சொல்கிறார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அன்று ஒரு மனிதர் நேரிலேயே வந்து, காதை வைத்துக் கேட்டு, உள்ளதைச் சொன்னார். பதிலுக்குக் கேட்டது வாரத்தில் அரை மணி நேரம்.

அதைக் கொடுத்திருந்தால், முதல் வெள்ளிக்கிழமையே பெட்டிகளை நகர்த்தியிருப்பார்…

அரை முழம்தான்.